கறிவேப்பிலைச் செடியில் ஓர் ஆண்டு

காஞ்சி என்றதும் நினைவுக்கு வருவது பட்டு. ஆயினும் இவ்வூரில் பிறந்து வளர்ந்த நம்மில் பலர் பட்டுப்புழுவை உயிருடன் கண்டதில்லை. நம் தறிகளில் ஏறும் பட்டு நூலில் பெரும்பகுதி கருநாடகத்திலிருந்து வருகிறது. மல்பெரி இலையைத் தின்று வளர்ந்த புழு அங்கே கூடு கட்டுகிறது. அக்கூட்டிலிருந்து இழுத்த நூல் இங்கே சாயம் தோய்ந்து பாவாகவும் ஊடையாகவும் மாறுகிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்னும் நான்கு நிலைகளையும் தேர்வுத்தாளில் வரைந்து மதிப்பெண் பெறுகிறோம். அவற்றைக் கண்ணால் காணும் வாய்ப்பு நமக்கு இல்லை என்று எண்ணிவிடுகிறோம்.

அந்த வாய்ப்பு நம் வீட்டுப் பின்கட்டிலேயே இருக்கிறது. காஞ்சியில் கிணற்றடியோ குழாயடியோ உள்ள வீடுகளில் பெரும்பாலும் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கும். அச்செடியை நம்பி வாழும் பட்டாம்பூச்சி ஒன்று உண்டு. அதனை ஓராண்டுக் காலம், ஒரே இடத்தில், மழையிலும் பனியிலும் வெயிலிலும் நான் படம் எடுத்து வந்தேன். அவ்வாறு எடுக்கும் முறையையும், அப்படங்கள் கற்பித்த செய்திகளையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். பரிசு பெறத்தக்க ஓர் அழகிய படத்தைவிட, நாளும் இடமும் குறித்த நூறு எளிய படங்கள் நமக்கு மிகுதியாகக் கற்பிக்கும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைப் பின்னர்க் காண்போம்.

எந்தப் பட்டாம்பூச்சி?

இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் உள்ளன. தமிழக அரசு 2019-ஆம் ஆண்டில் 'தமிழ் மறவன்' என்னும் இனத்தை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அது மலைக்காடுகளில் வாழ்வது. காஞ்சித் தெருக்களில் அதைத் தேடிப் பயனில்லை. நான் தேர்ந்துகொண்டது மிகச் சாதாரணமான ஓர் இனம். ஆங்கிலத்தில் இதனைக் 'காமன் மார்மன்' என்பர். அறிவியல் பெயர் 'பாபிலியோ பாலிடெஸ்'. இதன் புழு விரும்பி உண்ணும் இலையை வைத்து, இக்கட்டுரையில் இதனைக் கறிவேப்பிலைப் பட்டாம்பூச்சி என்றே குறிப்பிடுகிறேன்.

சிறகை விரித்தால் ஏறத்தாழ 9 முதல் 10 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஆண் பூச்சி கருமை நிறம் உடையது. பின்சிறகின் குறுக்கே வெண்புள்ளிகள் வரிசையாக அமைந்து, கருப்புப் புடவையில் ஓடும் வெள்ளைக் கரையைப் போலத் தோன்றும். பின்சிறகுகளின் முனையில் சிறு வால் ஒன்று உண்டு. பெண் பூச்சியின் தோற்றம் இதைவிடச் சிக்கலானது. அதற்குத் தனிப்பகுதியே வேண்டும்.

எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளில் மட்டுமே இதன் புழு வாழும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை ஆகியவை அக்குடும்பத்தினவே. சிவன் கோயில்களில் வளர்க்கும் வில்வமும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எனவே நம் ஊரின் சமையலறையும் கோயில் நந்தவனமும் சேர்ந்து இப்பூச்சிக்கு உணவளிக்கின்றன என்று கூறலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. இதே செடிகளில் 'எலுமிச்சைப் பட்டாம்பூச்சி' என்னும் வேறோர் இனமும் முட்டையிடும். வளர்ந்த பூச்சிகளைப் பிரித்தறிவது எளிது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சிக்கு வால் கிடையாது, புள்ளிகளும் இளமஞ்சளாக இருக்கும். ஆனால் இரண்டின் புழுக்களும் ஒத்த தோற்றம் உடையவை. ஆதலால் புழுவின் படத்துக்கு உடனே இனப்பெயர் எழுதுவதில்லை என்பதை வழக்கமாகக் கொண்டேன். அப்புழு கூட்டுப்புழுவாகிச் சிறகு பெற்று வெளிவந்த பின்னரே பழைய படங்களுக்கும் பெயர் எழுதுவேன்.

கருவியும் முறையும்

விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் இது இயலும் என்று எண்ண வேண்டியதில்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய மூன்று நிலைகளும் இருந்த இடத்தில் இருப்பவை. கைப்பேசிக் கேமராவே அவற்றுக்குப் போதும். பறக்கும் பூச்சிக்குத்தான் தொலைவிலிருந்து எடுக்கத்தக்க லென்ஸ் வேண்டும். 100 மில்லிமீட்டர் அளவுள்ள மேக்ரோ லென்ஸ் இரண்டுக்கும் பொதுவாகப் பயன்படும். பிலிம் சுருள் இருந்த காலத்தில் 36 படங்களுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம்.

கறிவேப்பிலைப் பட்டாம்பூச்சியைப் படம் எடுப்பதில் இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. முதலாவது, தேன் குடிக்கும்போதும் அது சிறகடித்துக்கொண்டே இருப்பது. இட்லிப்பூக் கொத்தில் கால்களை ஊன்றி, உடலின் எடையைப் பூவின்மேல் முழுதும் வைக்காமல், முன்சிறகுகளைப் படபடவென்று அடித்தபடியே உறிஞ்சும். 1/1000 நொடி அல்லது அதனினும் குறைந்த நேரத்தில் எடுத்தால்தான் சிறகின் கோடுகள் தெளிவாக விழும். அவ்வளவு விரைவுக்கு நல்ல வெளிச்சம் தேவை. ஆகவே காலை எட்டு மணி முதல் பத்து மணிவரை உள்ள சாய்ந்த வெயிலே ஏற்றது.

இரண்டாவது இடர்ப்பாடு அதன் கருமை. கேமராவிலுள்ள ஒளியளவி எப்பொருளையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதிக் கணக்கிடும். கருஞ்சிறகு படத்தை நிறைக்கும்போது, வெளிச்சம் போதவில்லை என்று அது ஒளியைக் கூட்டிவிடும். அதனால் கருமை சாம்பலாகும். வெண்புள்ளிகள் விவரம் ஏதுமின்றி வெளுத்துப்போகும். எனவே பூச்சி படத்தில் பெரிதாக இருக்கும்போது ஒளியளவைச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். கைப்பேசியிலும் திரையைத் தொட்டு ஒளியைக் குறைக்கும் வசதி உண்டு.

சிறகு விரிந்திருந்தால் மேலிருந்தும், மூடியிருந்தால் பக்கவாட்டிலிருந்தும், கேமராவைச் சிறகுக்கு இணையாகப் பிடித்தால் முழுச்சிறகும் கூர்மையாக விழும். நெருங்கும்போது நம் நிழல் அதன்மேல் படலாகாது. நிழல் பட்ட உடனே பறந்துவிடும். மெல்லக் குனிந்து, நின்று, மீண்டும் ஓரடி வைத்து அணுகுதல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது குறிப்பேடு. நாள், நேரம், செடி, வானிலை, என்ன செய்துகொண்டிருந்தது என்னும் ஐந்தையும் ஒவ்வொரு படத்துக்கும் எழுதினேன். பூச்சி ஒன்றும் கண்ணில் படாத நாளில் அச்செடியை மட்டும் படம் எடுத்து, 'இல்லை' என்று குறித்தேன். பின்னாளில் மிகவும் பயன்பட்டவை அந்த 'இல்லை' என்ற குறிப்புகளே.

பூச்சியைப் பிடித்து வைத்தோ, குளிரூட்டி மயங்கச் செய்தோ, புழுவைக் குச்சியால் சீண்டியோ எடுக்கும் படம் அதன் வாழ்க்கையைக் காட்டாது. அத்தகைய செயலை நான் செய்யவில்லை, நீங்களும் செய்யலாகாது.

ஆடியில் துளிர், ஆவணியில் முட்டை

கல்லூரி திறந்து வகுப்புகள் ஒழுங்குபடும் ஆடி மாதமே இப்பணிக்கு நல்ல தொடக்கம். கோடை முழுதும் வாடியிருந்த செடி, மாலையில் இடியோடு பெய்யும் மழையால் துளிர்க்கும். துளிர் வந்த சில நாட்களில் தாய்ப்பூச்சி வரும்.

அது முட்டையிடும் முறை கவனிக்கத்தக்கது. செடியைச் சுற்றித் தாழப் பறந்து, ஓர் இலையில் அமர்ந்து, முன்கால்களால் தட்டிப் பார்க்கும். அதன் கால்களில் சுவையுணரும் உறுப்புகள் உள்ளன. அவற்றால் இது தன் மக்களுக்கு ஏற்ற இலைதானா என்று அறிகிறது. தெளிவு பெற்றபின் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டவைத்துவிட்டு அடுத்த துளிருக்குச் செல்லும். முட்டை இளமஞ்சள் நிறமுள்ள சிறு உருண்டை, கடுகளவே இருக்கும். இந்நிகழ்ச்சிக்கு மூன்று நான்கு நொடிகளே ஆகும். முதலில் எந்தத் துளிரில் அமரும் என்று ஊகித்து, அத்துளிரின்மீது கேமராவைத் திருப்பிக் காத்திருப்பதே படம் பெறும் வழி.

முட்டை மூன்று முதல் ஐந்து நாட்களில் பொரியும். வெளிவரும் குறும்புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து நிலைகளில் வளரும். முதல் நான்கு நிலைகளில் அதைப் பார்ப்பவர் புழு என்றே நினைக்கமாட்டார். பழுப்பும் வெண்மையும் கலந்த பளபளப்பான மேனியோடு, இலையின் மேற்புறத்திலேயே அசையாமல் கிடக்கும். காக்கையோ குருவியோ இட்ட எச்சம் என்றே தோன்றும். பறவை தன் எச்சத்தைத் தின்னாது அல்லவா? ஐந்தாம் நிலையில் இந்த வேடம் பயன்படாது. எச்சம் என்று நம்புவதற்கு உடல் பெரிதாகிவிடும். அப்போது அது பச்சை நிறம் கொண்டு இலையோடு கலந்துவிடும். பருத்த மார்புப் பகுதியில் இரு கண்கள் போன்ற குறிகள் தோன்றும். அவை பொய்க்கண்கள், மெய்யான தலை சிறியது, கீழே அடங்கியிருக்கும்.

இவ்வேடங்களையும் மீறி எதிரி நெருங்கினால், தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்குப்போலச் சிவந்த கவைக்கொம்பு ஒன்றை நீட்டும். அதிலிருந்து காரமான ஒரு வாடை வீசும். எறும்பு ஒன்று தானாகவே புழுவின்மேல் ஏறிய கணத்தில் இக்காட்சி எனக்குக் கிடைத்தது. சீண்டாமல் காத்திருந்தால் செடியே இத்தகைய வாய்ப்புகளைத் தரும்.

ஐப்பசியில் ஒரு முழம் நூல்

இரண்டு மூன்று வாரங்கள் தின்ற புழு உணவை நிறுத்தி இடம் தேடும். இங்குதான் பட்டு நகரத்தாராகிய நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செயல் நிகழ்கிறது. இப்புழுவும் நூல் நூற்கிறது. தண்டில் சிறு நூல்மெத்தை ஒன்றை அமைத்து அதில் தன் பின்முனையைக் கொக்கியிடுகிறது. பிறகு தலையை இருபுறமும் வளைத்து இழைமேல் இழையாக இழுத்து, இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு கட்டிக்கொள்கிறது. பனைமரம் ஏறுபவர் இடுப்பில் வடம் கட்டிச் சாய்ந்திருப்பதுபோல, அக்கயிற்றில் சாய்ந்து ஒருநாள் கிடந்து, கடைசித் தோலைக் கழற்றிக் கூட்டுப்புழுவாகிறது. பட்டுப்புழு ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளமுள்ள ஒரே இழையால் தன்னை மூடிக்கொள்கிறது. இது ஓர் இடுப்புக்கயிற்றோடு நின்றுவிடுகிறது. வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்துப் பக்க ஒளியில் எடுத்தால் அக்கயிறு தெளிவாக விழும்.

கூட்டுப்புழுவின் நிறம் எப்போதும் ஒன்றாக இராது. பசுந்தண்டில் தொங்குவன பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த குச்சியிலும் சுவரிலும் உள்ளன பழுப்பாகவும் இருக்கும். பத்து முதல் பதினான்கு நாட்களில் மேலுறை கருத்து, உள்ளே சிறகின் வெண்புள்ளிகள் மங்கலாகத் தெரியும். அதைக் கண்டால் மறுநாள் காலை விடிவதற்குமுன் கேமராவோடு அமர்ந்துவிட வேண்டும். உறை பிளந்து வெளிவரும் பூச்சியின் சிறகு நனைந்த துணிபோலச் சுருங்கியிருக்கும். உடலிலுள்ள நீர்மத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி அதை விரித்து, உலர்த்தி, ஓரிரண்டு மணி நேரத்தில் பறந்துவிடும். முட்டையிலிருந்து பறத்தல் வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது.

எல்லாப் புழுவும் இந்த இடத்தை எட்டுவதில்லை. தையல்சிட்டும் ஓணானும் கும்பிடுபூச்சியும் பலவற்றைத் தின்றுவிடும். சிறு குளவிகள் கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டுவிட, பட்டாம்பூச்சிக்கு மாறாகக் குளவிக்கூட்டம் வெளிவருவதும் உண்டு. அவற்றையும் படம் எடுத்தேன். அவையும் அச்செடியின் வரலாறே.

கார்த்திகை முதல் ஆனி வரை

வடகிழக்குப் பருவமழை ஓங்கும் கார்த்திகையில் தெருவில் பாவு நீட்டும் வேலை எவ்வாறு தடைப்படுகிறதோ, அவ்வாறே பூச்சியின் நடமாட்டமும் நின்றுபோகும். மழை விட்ட வெயிலில் ஈர மண்ணின்மேல் ஆண் பூச்சிகள் அமர்ந்து நீர் உறிஞ்சுவதைக் காணலாம். தேனில் கிடைக்காத உப்புச்சத்தை அவை மண்ணிலிருந்து பெறுகின்றன. அவ்வேளையில் அவை சற்று மெய்ம்மறந்திருப்பதால் நெருங்கி எடுக்கலாம்.

மார்கழியும் தையும் படமெடுப்போர்க்கு உகந்த காலம். குளிர்ந்த காலையில் பூச்சி உடனே பறக்க இயலாது. சிறகை முழுதும் விரித்து இளவெயிலில் காயும். சிறகின் ஒவ்வொரு செதிலும் புதிதாக இருக்கும். என்னிடமுள்ள நல்ல படங்களில் பெரும்பாலானவை இவ்விரு மாதங்களில் எடுத்தவை.

மாசி, பங்குனியில் துளிர் குறையும். அப்போது எடுத்த படங்களில் வால் அறுந்தவை, சிறகில் பறவையின் அலகுபட்ட வெட்டுடையவை, செதில் உதிர்ந்து மங்கியவை மிகுதி. கிழிசல் படத்தின் அழகைக் கெடுக்கும் என்பர். ஆயின் அக்கிழிசலே அடையாளம்! இடப்பின்சிறகில் முக்கோண வெட்டுடைய ஆண் பூச்சி ஒன்று, ஆறு நாட்கள் ஒரே இட்லிப்பூச் செடிக்கு வந்ததை அந்த வெட்டைக் கொண்டே அறிந்தேன்.

சித்திரை, வைகாசி, ஆனியில் வெயில் கொளுத்தும். பூச்சிகள் நடுப்பகலில் மரநிழலில் ஒதுங்கிவிடும். பலர் இக்காலத்தில் பட்டாம்பூச்சியே இல்லை என்று முடிவு கட்டுவர். 'இல்லை' என்று எழுதிய குறிப்புகளின் பயன் இங்கே வெளிப்பட்டது. நான் கவனித்தவை இரண்டு செடிகள்: ஒன்று நாள்தோறும் பாத்திரம் கழுவிய நீர் பாயும் கிணற்றடிச் செடி, மற்றொன்று பிள்ளையார்பாளையத்தில் தெருவோரமாக நீரின்றி நிற்கும் செடி. தெருவோரச் செடியில் பங்குனி முதல் ஆனி வரை 'இல்லை' என்றே குறிப்பு. கிணற்றடிச் செடியிலோ அதே வைகாசியில் துளிரும் முட்டையும் புழுவும் இருந்தன. ஒரே ஊர், ஒரே வெயில். வேறுபட்டது நீரும் அதனால் வரும் துளிருமே. குறும்புழுவால் முற்றிய இலையைக் கடிக்க இயலாது. ஆகவே இப்பூச்சியின் பருவத்தைப் பஞ்சாங்கத்தில் தேடுவதைவிடச் செடியின் நுனியில் தேடுவதே பொருந்தும்.

மூன்று தோற்றம், ஓர் இனம்

இனிப் பெண் பூச்சிக்கு வருவோம். ஓராண்டுப் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்க்கும் எவரும் மூன்று வேறு இனங்கள் இருப்பதாகவே சொல்வார்கள். முதல் வகை ஆணைப் போலவே கருமையும் வெண்புள்ளி வரிசையும் உடையது. இரண்டாம் வகைக்குப் பின்சிறகின் நடுவே வெண்திட்டும் ஓரத்தில் செம்பிறைகளும் உண்டு. மூன்றாம் வகைக்கு முன்சிறகில் வெண்பட்டைகளும் பின்சிறகில் செம்புள்ளிகளும் உண்டு. மூன்றும் கறிவேப்பிலைப் பட்டாம்பூச்சியின் பெண்களே.

அறிஞர்களும் தொடக்கத்தில் இவற்றைத் தனித்தனி இனங்களாகவே எழுதினர். 1758-இல் இதற்குப் பெயரிட்ட லின்னேயஸ், ஆணை ஒரு பெயராலும் பெண்ணை வேறொரு பெயராலும் குறித்தார். மூன்றாம் வகைக்குக் கிராமர் என்பவர் தனிப்பெயர் அளித்தார். இவை ஓரினத்தின் பல உருவங்கள் என்பதை 1865-இல் வெளியான தம் கட்டுரையில் ஆல்பிரட் ரசல் வாலஸ் விளக்கினார். 'மார்மன்' என்னும் ஆங்கிலப் பெயரும் இதனால் வந்ததே. அமெரிக்காவில் அச்சமயத்தார் அந்நாளில் பலதார மணம் புரிந்துவந்தனர். ஓர் ஆணுக்குப் பல தோற்றமுள்ள துணைகள் இருப்பதைக் கண்டு பூச்சிக்கு அப்பெயரைச் சூட்டினர்.

இத்தோற்றங்களுக்குக் காரணம் போலி ஒப்புமை. நம் பகுதியில் 'காமன் ரோஸ்', 'கிரிம்சன் ரோஸ்' என்னும் இரு பட்டாம்பூச்சிகள் உள்ளன. இவற்றின் புழுக்கள் ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி ஆகிய கொடிகளின் இலையைத் தின்று அவற்றின் நஞ்சைத் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை தின்று துன்புற்ற பறவை அந்தச் சிவப்பு, வெள்ளைக் கோலத்தை மறப்பதில்லை. கறிவேப்பிலைப் பட்டாம்பூச்சிக்கு அந்த நஞ்சு இல்லை. ஆனால் அதன் இரண்டாம் வகைப் பெண் காமன் ரோஸைப் போலவும், மூன்றாம் வகைப் பெண் கிரிம்சன் ரோஸைப் போலவும் தோற்றம் கொண்டு பறவையை ஏமாற்றித் தப்புகின்றன. இத்தகைய ஒப்புமையை அமேசான் காட்டுப் பட்டாம்பூச்சிகளில் கண்டு 1862-இல் முதலில் விளக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ்.

படத்தில் அசலையும் போலியையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. உடலைப் பாருங்கள். ரோஸ் இனங்களின் உடல் சிவப்பு. போலியின் உடல் கருப்பு. பறக்கும் பறவைக்கு இதனைப் பார்க்க நேரமில்லை. நின்று பார்க்கும் கேமராவுக்கு உண்டு.

ஒரே தாயின் மக்கள் எவ்வாறு வேறு வேறு கோலம் பெறுகின்றனர்? 1910-களின் தொடக்கத்தில் பிரையர் என்னும் ஆய்வாளர் இலங்கையில் இப்பூச்சியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, மெண்டலின் விதிப்படியே இவ்வுருவங்கள் மரபுவழி வருகின்றன என்று காட்டினார். ஆண் தன் தோற்றத்தில் காட்டாவிட்டாலும் மகளுக்கு அக்காரணியை வழங்க வல்லது. நூறாண்டு கழித்து, 2014-இல், பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குந்தேயும் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 'டபுள்செக்ஸ்' என்னும் ஒரே மரபணு இதனை ஆள்கிறது என்று கண்டறிந்தனர். பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை உருவாக்கும் மரபணுவும் அதுவே.

நம் ஊர் மாணவர்க்கு இதனை விளக்கத் தறியே போதும். பாவு அதே பாவு, ஊடை அதே ஊடை, நெய்பவரும் அவரே. ஜக்கார்டுப் பெட்டியில் ஏற்றிய அட்டைக்கோவையை மாற்றினால் மாங்காய்ப் புட்டா இருந்த இடத்தில் மயில் வந்துவிடுகிறது. அம்மரபணுவின் மாற்றுவடிவங்கள் அந்த அட்டைக்கோவைகளைப் போன்றவை. ஒன்று மாறினால் சிறகின் கோலம் முழுதும் மாறுகிறது.

களையும் காவலும்

இப்போலி வேடத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அசல் பூச்சி அதே ஊரில் இருந்தால்தான் வேடம் பலிக்கும். நஞ்சைச் சுவைத்துப் பாடம் கற்ற பறவை இல்லாத இடத்தில், சிவப்பும் வெள்ளையும் இரை இங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் நிறங்களாகவே ஆகும். ரோஸ் இனங்கள் இல்லாத வடநாட்டு மலைப்பகுதிகளில் ஆணைப் போன்ற முதல் வகைப் பெண்ணே மிகுதி என்பது இதனோடு பொருந்தும்.

ஆகவே நம் கறிவேப்பிலைச் செடியின் பூச்சியைக் காப்பது, வேலியிலும் வரப்பிலும் கேட்பாரற்றுப் படர்ந்த ஒரு கொடியாகவும் இருக்கிறது. ஆடும் தின்னாத அக்கொடியை நாம் களை என்று பிடுங்கி எறிகிறோம். நான் படமெடுத்த வழியில் ஒரு காலி மனையின் முள்வேலியில் ஈசுவரமூலி படர்ந்திருந்தது. ஐப்பசியிலும் மார்கழியிலும் அவ்விடத்தில் எடுத்த படங்களில் இரு ரோஸ் இனங்களும் உள்ளன. தை மாதம் வேலியை எடுத்துச் சுவர் எழுப்பினார்கள். மாசி முதல் அவ்விடத்துக் குறிப்பு 'இல்லை' என்பதே. மாசியில் பொதுவாகவே பூச்சிகள் குறையும் ஆதலால், இந்த ஓராண்டுப் படங்களைக் கொண்டு கொடி போனதே காரணம் என்று நான் முடிவு கூற இயலாது. வரும் ஐப்பசியிலும் மார்கழியிலும் அதே இடத்தில் நின்று படமெடுத்தால் கூறலாம். ஓராண்டுப் பணியை மறு ஆண்டும் தொடர வேண்டியதன் காரணம் இதுவே.

மற்றோர் ஆபத்து மருந்து. கடையில் கட்டுக்கட்டாக விற்கும் கறிவேப்பிலை புழு தீண்டாமல் இருப்பது பூச்சிமருந்தின் துணையால். அவ்வழக்கம் வீட்டுச் செடிக்கும் வரத் தொடங்கியுள்ளது. "புழு வைத்த இலையை ரசத்தில் எப்படிப் போடுவது?" என்று என் தாயார் கேட்டது நியாயமான கேள்வியே. செடியின் மேற்குக் கிளை பூச்சிக்கு, மற்றவை சமையலுக்கு என்று எங்களுக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சமையற்கிளையில் காணும் புழுவை எடுத்து மேற்குக் கிளையில் விடுவது என் வேலை. ஓராண்டாக எங்கள் வீட்டு ரசத்துக்குக் குறைவு நேரவில்லை, செடியும் பட்டுப்போகவில்லை. கடிபட்ட கிளை அடுத்த மழையில் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்த்தது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் கல்லூரிக்குக் காஞ்சியிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் மாணவர்கள் வருகிறோம். அவரவர் வீட்டிலோ தெருவிலோ ஒரு கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வில்வமோ இருக்கும். ஒவ்வொருவரும் ஒரு செடியைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை, நாளும் நேரமும் குறித்து, பூச்சி இருப்பினும் இல்லாவிடினும் ஒரு படம் எடுத்து வைப்போமானால், ஓராண்டில் இவ்வட்டாரத்தின் பட்டாம்பூச்சிக் கணக்கு ஒன்று உருவாகும். எவ்வூரில் எப்பெண் வகை மிகுதி, அங்கே ஆடுதின்னாப்பாளை உண்டா இல்லையா என்பதையும் அதில் சேர்க்கலாம். விலங்கியல், தாவரவியல் துறைப் பேராசிரியர்கள் வழிகாட்ட, மற்றத் துறை மாணவர்களும் இதில் பங்குகொள்ளலாம்; செடியைப் பார்க்க எத்துறையும் தடையன்று.

இதற்குச் செலவு இல்லை. காலையில் அரைமணி நேரமும் சற்றுப் பொறுமையும் போதும். ஆடி பிறந்து முதல் மழை பெய்ததும் செடியின் நுனியைப் பாருங்கள். துளிர் தெரிந்தால் அன்றே முதல் படத்தை எடுத்து நாளைக் குறித்துவிடுங்கள்.